ஐந்து அம்பும் மாமாவின் மூடிய கண்ணும்

வில்லைக் கையில் எடுத்தால் எனக்குப் பத்துக்கு எட்டு தப்பாது. இந்த வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் எழுதினேன். உடனே அடுக்களையில் ஒரு சிரிப்புச் சத்தம். சிரிக்கட்டும். நாற்பது வருஷமாக இந்த வீட்டில் இதற்குச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு எதுவும் மிச்சமில்லை. எழவு வீட்டில்கூட, ராமையா கணக்கப்பிள்ளை காமன் கூத்தில் அம்பு விட்ட கதையை ஒரு தரம் சொல்லி முடித்துவிட்டுத்தான் பாடையைத் தூக்கியிருக்கிறார்கள்.

அந்தக் கதையில் நான் முட்டாள். ஒத்துக்கொள்கிறேன், பாதி முட்டாள். மீதிப் பாதி யாருடையது என்று தெரிந்தும் இத்தனை காலம் வாயைத் திறக்காமல் இருந்தேன். சொல்லக் கூடாதென்று என்னைக் கேட்டுக்கொண்ட ஆளே இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிற ஆளாகிவிட்டதால், இனி எனக்கு என்ன கட்டுப்பாடு என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இலங்கையில் கேகாலைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக் களத்தில் பேர் எழுதி, பால் வெட்டுகிற ஆட்களை மலைக்கு அனுப்பி, வெட்டு ஆழமாகப் போய் மரம் காயப்படாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கையில் ஒரு குடை, காலில் ஒரு சப்பாத்து. (சப்பாத்து ஒரு காலுக்குச் சிறியது. அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.) அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, அந்தத் தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

அதே தோட்டத்தில் வீரப்பன் கங்காணி என் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவருடைய ஒரே மகள் செல்லம்மா எனக்கு முறைப்பெண். அவளை எனக்குத்தான் கட்டிக்கொடுப்பார்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லோருக்கும் தெரியும், மாமா ஒருத்தரைத் தவிர. அம்மா எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் "பேசலாம், பேசலாம்" என்று சொல்லி வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வார். வெற்றிலை வாயில் இருக்கும்போது மாமா பேச மாட்டார்.

மாசி மாதம் வந்தால் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து. லயத்துக்கு நடுவே உள்ள மைதானத்துக்குப் பெயரே காமன் பொட்டல். அமாவாசை கழிந்ததும் அங்கே கம்பம் ஊன்றி, வேஷக்காரர்களுக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். தவத்தில் இருக்கிற சிவன் மேல் மன்மதன் பூக்கணை விடுவான். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரிப்பார். ரதி அழுவாள். கம்பத்தைக் கொளுத்துவார்கள். அம்பு பட வேண்டும், கண் திறக்க வேண்டும், கம்பம் எரிய வேண்டும். இந்த வரிசை பிசகினால் அந்த வருஷம் தோட்டத்துக்கு ஆகாது என்று எங்கள் சனம் நம்பியது.

சிவன் வேஷம் பன்னிரண்டு வருஷமாக மாமாவுக்கு. காப்புக் கட்டிவிட்டால் அவர் சிவனே ஆகிவிடுவார். வீட்டில்கூட யாரும் அவரிடம் விளையாட்டுக்குப் பேசுவதில்லை. மன்மதனை நாங்கள் மதன் என்போம். அதுவரை மதனாக நின்றவர் வேலையிலிருந்து விலகிய பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் அம்பு விட்ட அழகைச் சொல்ல வேண்டும். மாமாவுக்கு முன்னால் வந்து, குனிந்து, வில்லை ஒரு தடவை ஆட்டிவிட்டு, அம்பை மாமாவின் மடியில் வைத்துவிட்டுப் போவார். தாம்பாளத்தில் பாக்கு வெற்றிலை வைக்கிற மாதிரி இருக்கும். வருஷா வருஷம் அதைப் பார்த்து எனக்கு எரிச்சல் வரும்.

அந்த வருஷம் தை மாதத்திலேயே மாமா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாப்ள, இந்தத் தடவ மதனா நீ நிக்கிறியா? வெரதம் இருக்கணும். ஒழுங்கா நின்னு முடிச்சிட்டீன்னா, கம்பம் எரிஞ்ச மறுநாளே பரிசம் போடுற பேச்ச எடுத்துடலாம்."

தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வளையல் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால், "சரிங்க மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருப்பேன். எனக்கும் நல்ல பெயர், கதையும் இல்லை. ஆனால் கேட்டுவிட்டது.

"நிக்கிறேங்க மாமா. ஆனா பக்கத்துல வந்து மடியில வச்சிட்டுப் போற வேலை என்கிட்ட இல்ல. நாப்பது அடி தள்ளி நின்னு, நெஞ்சுல விடுவேன்."

மாமா வாயில் போடப்போன வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"நாப்பது அடியா?"

"ஆமாங்க."

"பட்டாத்தான் நான் கண்ணத் தொறப்பேன். தெரியும்ல? படாம தொறந்தா அது கூத்து இல்ல, கேலி."

"படும் மாமா."

இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், துரைசாணியிடமிருந்து. துரை அந்த வருஷம்தான் கல்யாணம் செய்து அவரைச் சீமையிலிருந்து கூட்டிவந்திருந்தார். துரைசாணிக்கு வில்வித்தையில் பைத்தியம். பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரையில், வைக்கோலைச் சுற்றித் தைத்த ஒரு பெரிய வட்டத்தை நிறுத்தி, அதில் வர்ணத்தில் வளையங்கள் போட்டு, சாயங்காலம் தவறாமல் அம்பு விடுவார். என் மலை பங்களாவுக்கு நேர் கீழே. பால் பிடிக்கிற சிரட்டையைச் சரியாகக் கவிழ்த்திருக்கிறார்களா என்று பார்க்கிற சாக்கில் ஒரு றப்பர் மரத்துக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரே சிரட்டையை ஒரு மணி நேரம் சோதித்த கணக்கப்பிள்ளை இந்தச் சபரகமுவை மாகாணத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பார்த்துப் பார்த்தே சில விஷயங்களைப் பிடித்துக்கொண்டேன். துரைசாணி நாணை இழுத்ததும் கை ஒவ்வொரு தடவையும் தாடையில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கும். ஒரு விரல்கூட முன்னே பின்னே போகாது. கண் அம்பின் முனையைப் பார்க்காது, பட வேண்டிய இடத்தையே பார்த்தபடி இருக்கும். அம்பு கிளம்பிய பிறகும் வில் பிடித்த கையைக் கீழே விட மாட்டார். அம்பு போய்ச் சேர்ந்த பிறகுதான் கை இறங்கும். எல்லாவற்றுக்கும் முதலில், ஒவ்வொரு அம்பையும் விரலில் வைத்து உருட்டிப் பார்த்து, கனம் சரியில்லாததைக் கழித்துப் போட்டுவிடுவார்.

நானும் ஒரு வில் செய்தேன். உள்ளே மூங்கில் பிளாச்சு, மேலே சாத்திரத்துக்குக் கரும்புத் தோல். நாணுக்குக் கித்துல் பனையின் நார், பக்கத்துக் கிராமத்தில் கருப்பட்டி காய்ச்சுகிற ஒருவர் முறுக்கித் தந்தது. அம்புக்கு மூங்கில் சிம்பு, வாலில் கோழி இறகு. பன்னிரண்டு செய்து, டிஸ்பென்சரியில் மருந்து நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, ஒரே கனமுள்ள ஐந்தை எடுத்துக்கொண்டேன். முனையை லேசாகத்தான் சீவினேன். (சரி, நன்றாகவே சீவினேன். சாக்கில் குத்தி நிற்க வேண்டாமா?)

றப்பர் ஸ்டோருக்குப் பின்னால், மானாப்புல் அடைத்த ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு, நெஞ்சு உயரத்தில் கரியால் ஒரு வட்டம் போட்டேன். முதல் வாரம் அந்தச் சாக்குக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. இடது கண்ணை மூடி விட்டேன், வலது கண்ணை மூடி விட்டேன், ஒரு தடவை அவசரத்தில் இரண்டையும் மூடிவிட்டேன். அந்த அம்புதான் மாமா வீட்டுப் பெட்டைக் கோழியின் வால் இறகைக் கொண்டுபோனது. கோழிக்கு உயிர்ச் சேதம் இல்லை. முட்டை இடுவதை நிறுத்திவிட்டது என்று பிறகு சொன்னார்கள், அது பொய். அந்தக் கோழியைத் தேடிக்கொண்டு வந்த செல்லம்மா வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆனால் இரண்டாம் வாரம் தாடையில் கை நின்றது. மூன்றாம் வாரம் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு வட்டத்தை மட்டும் பார்க்கப் பழகினேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, நாணை விடுகிறோம் என்று விரலுக்கே தெரியாமல் விடுகிற பக்குவமும் வந்தது. நான்காம் வாரம் நாற்பது அடியிலிருந்து பத்துக்கு எட்டு வட்டத்துக்குள். இதற்குச் சாட்சி அந்தச் சாக்குதான். அதையும் கூத்து முடிந்த வாரம் அவிழ்த்துக்கொண்டு வந்த ஒரு மாடு புல்லோடு தின்றுவிட்டது.

கூத்துக்கு இரண்டு நாள் முன்பு மாமா பெரட்டுக் களத்தில் வைத்துக் கேட்டார்.

"பூவக் கட்டி விட்டுப் பாத்தியா?"

"பூவுல என்னங்க மாமா இருக்கு, பூவுக்கு என்ன கனம்?"

என் வாயைக் கொண்டுபோய் அன்றைக்கே எங்காவது அடகு வைத்திருக்க வேண்டும். பூக்கணை ஐந்துக்கும் பூக் கட்டுவது விரதம் இருக்கிற கன்னிப் பெண் ஒருத்தியின் பொறுப்பு. கூத்தன்று காலையில் குளித்துவிட்டுக் கட்டுவாள். கட்டிய பூவை மதன் பிரிக்கக் கூடாது. அந்த வருஷம் கட்டியது செல்லம்மா.

வழக்கமாக இந்தக் கட்டம் விடியற்காலையில்தான் நடக்கும். வில் என்று கேள்விப்பட்டுத் துரைசாணி பார்க்க ஆசைப்பட்டதால், துரை சொல்லி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினார்கள். துரையும் துரைசாணியும் வந்து இரண்டு நாற்காலியில், மாமாவுக்கு வலது கைப் பக்கம் பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். சுற்றிலும் தோட்டத்துச் சனம் முழுவதும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர்களும். தெற்கே மழை கறுத்துக்கொண்டு நின்றது. மாமா புலித்தோல் மாதிரி வர்ணம் பூசிய சாக்கில் உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார். அவர் நெற்றியில் சிவப்பு மையால் ஒரு கண் வரைந்து, அதன் மேல் சின்னத் துணித்திரை. நூலை இழுத்தால் திறக்கும்.

செல்லம்மா தட்டில் ஐந்து அம்பையும் கொண்டுவந்து நீட்டினாள். செம்பருத்தி, செவ்வந்தி, மாம்பூ, முல்லை, நீலோற்பலத்துக்குப் பதிலாகச் சங்குப்பூ. ஒவ்வொரு முனையிலும் ஒரு கைப்பிடி. எடுக்கும்போதே கையில் கனம் தட்டியது. தண்ணீர் தெளித்த பூ, ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் துரைசாணியைப் போல விரலில் உருட்டிப் பார்த்திருக்க வேண்டும். நான் அம்பையா பார்த்தேன், தட்டைப் பிடித்திருந்த கையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ரதி. ரதி வேஷம் மாரிமுத்து; பகலில் எங்கள் ஸ்டோரில் றப்பர் ஷீட்டு உருட்டுகிற மெஷின்காரர். போக வேண்டாம், சிவனைத் தொட வேண்டாம் என்று என் கையைப் பிடித்துப் பாடி முடித்தார். தப்பு மேளம் ஓய்ந்தது. நாற்பது அடி தள்ளி நின்றேன். தாடையில் கை. கண் மாமாவின் நெஞ்சில். பாதி மூச்சு.

செம்பருத்தி அம்பு பன்னிரண்டு அடி போய், தலையைக் கவிழ்த்துக்கொண்டு மண்ணில் விழுந்தது.

சனத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பரவாயில்லை, கொஞ்சம் உயர்த்தினால் சரி என்று, இரண்டாவதை மாமாவின் சடைமுடிக்குக் குறிவைத்து விட்டேன். அது முதலாவதைவிடக் கிட்டத்தில் விழுந்தது. ஒரே வில், ஒரே கை, ஒரே இழுப்பு. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு அங்கேயே கோபம் வந்தது.

"ஆயெத் வெரதுணா" என்று கருப்பட்டிக்காரர் பெருமூச்சு விட்டார். மறுபடியும் தப்பிவிட்டது என்று அதை எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதை வானத்தைப் பார்த்து விட்டேன். மாம்பூ அம்பு மற்ற இரண்டைப் போல இல்லாமல் ஜோராகக் கிளம்பி, மாமா தலைக்கு மேலே பறந்து, அவருக்குப் பின்னால் நின்ற தப்புக்காரர் ஒருவரின் தப்பில் போய் விழுந்தது. தப்பு 'டம்' என்றது. மற்றத் தப்புக்காரர்கள் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு, மதன் எரிகிறபோது அடிக்கிற அடியை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த அடி கேட்டால் ரதி ஒப்பாரி வைக்க வேண்டும். மாரிமுத்துவும் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, தரையில் உட்கார்ந்து, "என்னை விட்டுப் போனீரே" என்று ஆரம்பித்தார். நான் பக்கத்தில் குத்துக்கல்லாக நிற்கிறேன்.

"யோவ், நான் இன்னும் சாகல" என்றேன், வாயை அசைக்காமல்.

"அடிய மாத்திட்டாங்கய்யா, நான் என்ன செய்றது" என்றார் ரதி, மெஷின்காரர் குரலில்.

ஒருவழியாகத் தப்பை நிறுத்தினார்கள். மாமா அசையவில்லை. கண் மூடியபடியே, உதடு மட்டும் கொஞ்சம் திறந்து, "இன்னும் படல" என்றார். பொட்டல் முழுவதும் அது கேட்டது. மாமாவுக்கு என்ன வந்தது என்கிறேன். சொந்த அக்காள் மகன், மழை வருகிறது, துரை பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதோ கொசு கடித்த மாதிரி அந்த நூலை ஒரு இழு இழுத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

நான்காவது அம்பு விடும்போது கோபத்தில் கை தாடையில் நிற்கவில்லை. முல்லைப்பூ அம்பு பக்கவாட்டில் வளைந்து போய்த் துரைசாணியின் மடியில் விழுந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது என்ன சாதாரண அம்பா? மன்மதன் விட்ட காமன் கணை. அது எதற்காக விடப்படுகிறது என்று பொட்டலில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். துரைக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தார்கள். துரை எழுந்து நின்றார். அவர் முகம் செம்பருத்தி நிறத்துக்குப் போனது. வேலை போயிற்று, செல்லம்மா போனாள், நாளைக் காலை பெரட்டில் என் பேரை வேறு யாராவது எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. முகத்தில் பூசிய பச்சை வர்ணம் கரைந்துவிடும் என்று அதையும் அடக்கினேன்.

துரைசாணி மட்டும் பதறவில்லை. அம்பை எடுத்து விரலில் வைத்து உருட்டினார். நடுவில் ஒரு விரலைக் கொடுத்துத் தராசு மாதிரி நிறுத்திப் பார்த்தார். பூவை இரண்டு விரலால் அமுக்கினார். பிறகு துரையிடம் ஏதோ சொன்னார். துரை மெல்ல உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் அதைச் சனத்துக்குச் சொன்னார்.

"துரைசாணி சொல்றது, வில் நல்லது. ஆள் நல்லா புடிக்கிறான். அம்பு முன்னாலே பாரம் ரொம்ப. அவன் மேலே தப்பு இல்லே."

யாராவது காதில் போட்டுக்கொண்டார்களா? இல்லை. துரைசாணிக்கு இரக்க மனசு என்று பேசிக்கொண்டார்கள். அன்று அந்தப் பொட்டலில் நியாயம் பேசிய ஒரே ஆள் அவர்தான். அவரும் அடுத்த வருஷம் சீமைக்கே திரும்பிப் போய்விட்டார்.

ஐந்தாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சங்குப்பூ, பத்தடி, மண்.

தட்டு காலி. முதல் தூற்றல் என் கையில் விழுந்தது. கம்பத்தின் உச்சியில் கட்டிய வைக்கோல் நனைந்தால் எரியாது. எரியாவிட்டால் ஒரு தோட்டத்துச் சனம் முழுக்க இருந்த விரதம் வீண். பெண்கள் மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். ரதி என் காதருகே, "கிட்டப் போய்யா, போய் முடிச்சு வை" என்றார். வேறு வழி? சங்குப்பூ அம்பைப் பொறுக்கிக்கொண்டு, அந்த நாற்பது அடியையும் நடந்தேன். நாற்பது என்று சொன்ன வாய்க்கு ஒவ்வொரு அடியும் தனித்தனியாக உறைத்தது. மாமாவுக்கு முன்னால் போய்க் குனிந்து, அம்பின் முனையால் அவர் நெஞ்சைத் தொட்டேன்.

"யாரு?" என்றார் மாமா, கண் திறக்காமல்.

"நாந்தாங்க மாமா."

"விட்ட அம்பா, குத்துன அம்பா?"

"மழ வருதுங்க மாமா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"குத்துனதுங்க."

"விடு."

ஒரு கை தூரம். குனிந்தபடியே வில்லில் அம்பைக் கோத்து, வந்த கோபம் அத்தனையையும் சேர்த்து நாணை இழுத்துவிட்டேன். பட்டது. மாமாவின் நெஞ்சில், சரியாக நடுவில். பட்ட வேகத்தில் பந்து மாதிரி எகிறித் திரும்பி, பின் முனையால் என் நெற்றியில், புருவத்துக்கு நடுவே ஓங்கி ஒரு குத்துக் குத்தியது.

நான் மல்லாந்து விழுந்தேன். அதே நேரத்தில் மாமா நூலை இழுத்து நெற்றிக்கண்ணைத் திறந்தார். வர்ணத்தில் வரைந்த கண் அவர் நெற்றியில், இரத்தம் வழிகிற கண் என் நெற்றியில். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பையெல்லாம் சனம் அப்போதுதான் கொட்டித் தீர்த்தது. துரையும் சிரித்தார். மாரிமுத்துவால் சிரிப்பில் ஒப்பாரியைத் தொடங்கவே முடியவில்லை. கம்பத்தைக் கொளுத்தினார்கள், தூற்றலிலும் அது பற்றிக்கொண்டது. அந்த மட்டில் தோட்டம் தப்பித்தது.

வேஷத்தைக் கலைக்கும்போது மாமா என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"தள்ளி நிக்கணும்னு ஆசப்பட்டியில்ல மாப்ள, ஒரு வருசம் தள்ளியே நில்லு. பரிசப் பேச்சு அடுத்த மாசிக்குப் பாத்துக்கலாம்."

மறுநாள் காலை, நெற்றியில் கட்டோடு, பொட்டலுக்குப் போய் அம்புகளைத் தேடினேன். மூன்று கிடைத்தது. செம்பருத்தியைப் பிய்த்துப் பார்த்தேன். பூவுக்குள்ளே, நான் சீவி வைத்த முனையை மூடி, ஒரு ஒட்டுப்பால் உருண்டை. மரத்து வெட்டில் வழிந்து காய்ந்து போகிற பாலைச் சுரண்டி எடுத்து உருட்டியது. நெல்லிக்காய் அளவு. செவ்வந்திக்குள் இருந்தது எலுமிச்சை அளவு. மாம்பூவுக்குள் சுண்டைக்காய். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மருந்துத் தராசில் நிறுத்த அம்பு, ஐயா.

மூன்றையும் எடுத்துக்கொண்டு, மாமாவிடம் நியாயம் கேட்பதென்று நேராகப் போனேன். வழியில் பீலிக்கரையில் செல்லம்மா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்பை நீட்டினேன்.

"இது என்ன?"

"ஒட்டுப்பால்" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதா? பூவுக்குள்ள எதுக்கு?"

"முனைய அப்படிக் கூராச் சீவி வச்சிருந்தீங்க மச்சான். அப்பா கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பாரு. என்ன வந்தாலும் நகர மாட்டாரு. நான் என்ன செய்ய?"

"நான் நெஞ்சுக்குத்தான் குறி வச்சேன்."

"சாக்குக்குக் குறி வச்சப்ப எங்க கோழிக்குத்தானே பட்டுச்சு."

"அது மொத வாரம்."

"நான் மொத வாரந்தான் பாத்தேன். அதுக்கப்புறம் பாக்கத் தைரியம் வரல."

அப்பனைக் காப்பாற்ற நினைத்தது தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் வித்தை தெரிந்தவன் மனசு கேட்குமா?

"வச்சதுதான் வச்ச, எல்லாத்துக்கும் ஒரே அளவாவது வச்சிருக்கக் கூடாதா?"

"கைக்கு வந்தத வச்சேன்" என்றாள். அப்புறம் குரல் இறங்கியது. "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மச்சான். சாமிக்குக் கட்டுற பூவுல இத வச்சேன்னு தெரிஞ்சா, குத்தமாயிடுச்சுன்னு சோறு தண்ணி எறங்காம கெடப்பாரு."

அந்த நேரம் பார்த்து மாமா மேலே இருந்து இறங்கி வந்தார். அம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

"என்னடா, காலையிலேயே?"

"ஒண்ணுமில்லீங்க மாமா. நேத்து என் கைதான் சரியில்ல. அதச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

இப்படிச் சொன்னவனுக்கு ஒரு வருஷம் தண்டனை. அந்த ஒரு வருஷமும் பெரட்டுக் களத்தில் நான் பேர் கூப்பிட்டால், பின்னாலிருந்து யாராவது "இன்னும் படல" என்பார்கள். அடுத்த மாசியில் மதனாக மாரிமுத்துவைப் போட்டார்கள். அவர் மாமாவின் மடியில் பாக்கு வெற்றிலை வைப்பது போல வைத்துவிட்டுப் போனார், எல்லோரும் பிரமாதம் என்றார்கள். பரிசம் போட்டு, கல்யாணமும் நடந்தது. பந்தியில் மாமாவே அந்தக் கதையைச் சொன்னார்.

எங்களுக்கு மூத்தவள் பிறந்து ஒரு வருஷம் இருக்கும். ஒருநாள் மாமாவோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, செல்லம்மா பரிமாறிவிட்டு உள்ளே போனதும், அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மருமகனே, பூவுக்குள்ள ஒட்டுப்பால் இருந்துச்சில்ல?"

வாய்க்குக் கொண்டுபோன உருண்டையைத் தட்டிலேயே போட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருசமா றப்பர்ல கெடக்கேன். பூ வந்து நெஞ்சுல விழுறதுக்கும் ஒட்டுப்பால் வந்து விழுறதுக்கும் வித்தியாசம் தெரியாதா? யாரு வச்சிருப்பான்னும் தெரியும்."

"அப்ப அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா. ஒரு வருசம் என்னைய ஊரே சிரிச்சுச்சே."

மாமா கையைக் கழுவிக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார்.

"நாப்பது அடியில தவறுனது ஒட்டுப்பாலால. சரி, ஒத்துக்கிறேன். ஒரு கை தூரத்துல நின்னு உங்க நெத்தியிலேயே அடிச்சுக்கிட்டீங்களே, அதுவும் ஒட்டுப்பாலாலயா?"

ஆமாம், அதுவும் ஒட்டுப்பாலால்தான். இதைச் சொல்ல வாயைத் திறந்தபோது உள்ளே இருந்து செல்லம்மாவின் சிரிப்புக் கேட்டது. அன்று மூடிய வாய்தான். என் நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் திருநீறு பூசும்போது விரல் அதில் ஒரு தடவை இடறும்.

இப்போது பேத்திகள் காலம். மத்தியானம் சாய்வு நாற்காலியில் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும், வாசற்படியில் நின்று காகிதத்தை உருட்டி என் மேல் எறிவார்கள். "பட்டிருச்சு தாத்தா, கண்ணத் தொறங்க" என்று கத்துவார்கள். ஒன்றுகூடத் தவறுவதில்லை. பெரியவள் முற்றத்திலிருந்தே நெற்றித் தழும்பில் அடிக்கிறாள். அவர்கள் பாட்டியோ வாசலில் உட்கார்ந்து, பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்கிறாள். அவள் கையால் ஒரே ஒரு தடவை அந்தக் காகித உருண்டைக்குப் பூக் கட்டிக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.